பதினாறு சேனல் மிக்சரும் செல்வராஜின் நாற்காலியும்

பல கருவிகளின் சத்தத்தை ஒன்றாகக் கலக்கும் மிக்சரை வாங்க ஒருவர் கடைக்குள் வந்தால் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி எனக்குத் தெரியும். "எத்தனை சேனல் வேணும் சார்?" இருபத்தாறு வருஷ வேலையில் ரொம்ப நாள் நானும் அதைத்தான் கேட்டேன். கேள்வியில் தப்பில்லை. அதை முதலில் கேட்பதுதான் தப்பு. விற்பனைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக, உங்கள் மேனேஜர் என்னிடம் இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார். இரண்டு பக்கத்தில் இது அடங்காது என்று அவரிடமே சொல்லிவிட்டேன்.

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஓர் ஒலிக்கருவிக் கடையில் விற்பனை, பொருத்துதல் இரண்டும் என் பொறுப்பாக இருந்தன. எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவன். எதையும் எண்ணிப் பார்க்காமல் வெளியே அனுப்பமாட்டேன். ஒயர் எத்தனை, பிளக் எத்தனை, ஸ்க்ரூ எத்தனை என்று அட்டையில் எழுதிப் பெட்டிக்குள் போடுவேன். கூட வேலை செய்தவர்கள் சிரிப்பார்கள். வாடிக்கையாளர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை போய் நின்று, ஒரு ஒயர் குறைகிறது என்று தெரியும்போது சிரிப்பு வராது. இப்போது உங்கள் கடைகளில் பார்க்கிறேன், பெட்டியைப் பிரிக்காமலே கொடுத்தனுப்புகிறீர்கள். போகட்டும்.

தொண்ணூற்றேழில் ஒரு திங்கட்கிழமை காலை, கடை திறந்து அரை மணிகூட ஆகவில்லை, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். பெயர் செல்வராஜ். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை, வீடு நீலசந்திராவில். விசேஷ நாட்களில் ஓர் ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசிக்கிறவர். கவுண்டருக்கு முன்னால் நேராக நிற்காமல், பாதி உடம்பு வாசலைப் பார்த்தபடி நின்றார். நான் பேசப் பேச முகத்தைத் திருப்பி வலது கன்னத்தைக் காட்டினார். ஏதோ அவசரத்தில் இருக்கிறார், நம்மை மதிக்கவில்லை என்று எனக்கு எரிச்சல்.

"வீட்டுல வச்சுக்கிற மாதிரி ஒரு மிக்சர் வேணும் சார்."

"என்னென்ன வச்சிருக்கீங்க?"

"ரெண்டு சிந்தசைசர். ஒண்ணு பழசு. ஒரு சவுண்டு மாட்யூல், ஒரு டிரம் மெஷின். எஃபெக்ட் பெட்டி ரெண்டு. ஒண்ணு ரிவெர்ப், ஒண்ணு எக்கோ."

சவுண்டு மாட்யூல் என்பது கட்டை இல்லாத கீபோர்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறொரு கீபோர்டு அதை ஓட்டும். ரிவெர்ப் என்பது பெரிய மண்டபத்தில் கேட்பதுபோல் சத்தத்துக்கு முழக்கம் சேர்ப்பது.

"இத்தனை நாள் இதெல்லாம் எப்படி வாசிச்சீங்க?"

"ஸ்டேஜ்ல அவங்க மிக்சர்ல சொருகிடுவேன். வீட்டுல ஒண்ணைப் பிடுங்கிட்டு ஒண்ணைச் சொருகுவேன். இப்ப எல்லாம் ஒரே நேரத்துல கேக்கணும் சார். வேலை ஒண்ணு வந்திருக்கு."

மல்லேஸ்வரத்தில் நாட்டியப் பள்ளி நடத்தும் பத்மாவதி என்ற அம்மாள் ஒரு கன்னட நாட்டிய நாடகத்தை ஊர் ஊராகக் கொண்டு போகப் போகிறார். பாட்டுக்காரர், மிருதங்கம், புல்லாங்குழல் என்று எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றிப் போக முடியாது. இசையைப் பதிவு செய்து கொண்டு போக நினைக்கிறார். ஒரு காட்சிக்கு மாதிரி செய்து கொடுங்கள், பிடித்திருந்தால் முழு நாடகமும் உங்களுக்கே என்று செல்வராஜிடம் சொல்லியிருக்கிறார்.

நான் பேப்பரை எடுத்தேன். மிக்சருக்குள் வரும் ஒயர் ஒன்றுக்கு ஒரு சேனல். சிந்தசைசர் ஒவ்வொன்றிலிருந்தும் இடது வலது என்று இரண்டு ஒயர், ஆக நான்கு. மாட்யூலுக்கு இரண்டு. டிரம் மெஷினுக்கு நான்கு. ஜதி சொல்ல ஒரு மைக். பதினொன்று. எஃபெக்ட் பெட்டிகளிலிருந்து திரும்பி வருவது இரண்டும் இரண்டும் நான்கு. மொத்தம் பதினைந்து. எங்களிடம் பதினாறு சேனல் மிக்சர் ஒன்று வந்திருந்தது. எஃபெக்டுக்குச் சத்தத்தை அனுப்ப அதில் தனி வழிகள் இரண்டு, பெட்டிகளும் இரண்டு. பதினைந்தை அடைத்தபின் ஒன்று மிச்சம். இவ்வளவு கச்சிதமாக அமைவது அபூர்வம். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுபோய்ப் பொருத்தினேன். நீலசந்திராவில் மாடி வீடு. இருபத்து மூன்று படி, நடுவில் ஒரு திருப்பம், அந்தத் திருப்பத்தில் மிக்சர் பெட்டி மாட்டிக்கொண்டது. செல்வராஜின் மனைவி மல்லிகா, கார்மெண்ட் தொழிற்சாலையில் சூப்பர்வைசர், மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இது மிக்சரா, கட்டிலா? இதை வச்சா நாங்க ரெண்டு பேரும் நின்னுகிட்டேதான் தூங்கணும்."

பீரோவை நகர்த்தி இடம் செய்தோம். டேப் பிடித்து அளந்து, இரண்டு ஸ்பீக்கரையும் வைத்து, இரண்டுக்கும் சம தூரத்தில் நாற்காலியைப் போட்டேன். ஒயர்களை மாட்டிவிட்டுத் திரும்பினால் நாற்காலி கோணலாக இருந்தது. செல்வராஜ் அதை ஒருபக்கமாகத் திருப்பிப்போட்டு உட்கார்ந்திருந்தார். நான் விடவில்லை.

"நேரா உட்காருங்க செல்வராஜ். அப்பதான் ரெண்டு பக்கமும் சமமா கேக்கும்."

அவர் எழுந்து நாற்காலியை நேராக்கி உட்கார்ந்தார். நான் காபி குடித்துவிட்டு, ஒயர் எண்ணிக்கையை அவர் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

ஒன்பது நாள் கழித்து ஒரு கேசட்டோடு கடைக்கு வந்தார். முகம் செத்திருந்தது.

"மேடம் வேணாம்னுட்டாங்க சார். ஒரு பக்கம் கத்துதாம், இன்னொரு பக்கம் சத்தமே இல்லையாம். எங்க வீட்டுல எனக்கு நல்லாத்தான் கேக்குது. கெஞ்சிக் கேட்டு ஒரே ஒரு சான்ஸ் வாங்கியிருக்கேன். வர்ற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு பதினோரு மணிக்கு அவங்களே வீட்டுக்கு வந்து கேப்பாங்க. அன்னைக்கும் சரியில்லைன்னா ஸ்டுடியோவுல ஆள் வச்சுப் பதிவு பண்ணிக்கிறாங்களாம்."

கேசட்டைக் கடையில் போட்டுக் கேட்டேன். வாசிப்பு அருமை. அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆனால் இடது பக்கம் சிந்தசைசரில் வாசித்த புல்லாங்குழல் காதைப் பிளந்தது. வலது பக்கம் வைத்திருந்த வீணை எங்கோ பக்கத்துத் தெருவில் கேட்பதுபோல் இருந்தது.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் ஒரு வரிசை வைத்திருந்தார். பழுது என்றால் முதலில் ஒயரைச் சந்தேகி, பிறகு பிளக், பிறகு கரண்ட், கடைசியில் மெஷின். அந்த வரிசையை வைத்துக்கொண்டு நான் நூற்றுக்கணக்கான பழுதுகளைப் பார்த்திருக்கிறேன். எனவே அந்த வார ஞாயிறே, உள்ளே வரும் பதினைந்தும் எஃபெக்டுக்குப் போகும் இரண்டுமாக மாற்று ஒயர்கள் பதினேழு, கையோடு அதே மாதிரி இன்னொரு மிக்சர், எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நீலசந்திராவுக்குப் போனேன். அதே திருப்பத்தில் பெட்டி மறுபடி மாட்டிக்கொண்டது.

"இன்னொரு கட்டிலா?" என்றார் மல்லிகா.

செல்வராஜை உட்காரவைத்து, "உங்க காதுக்கு எது சரியோ அப்படி வைங்க" என்றேன். இசை ஓடியது. புல்லாங்குழலை ஏற்றினார். இன்னும் ஏற்றினார். மிக்சரில் சத்தம் அளவு மீறுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு இடது பக்கத்தில் அணையாமல் எரிந்தது. வலது பக்கத்தில் பச்சைகூட முழுசாக ஏறவில்லை.

"அந்த விளக்கைப் பார்க்கலையா நீங்க?"

"காதைத்தானே சார் நம்பணும்?"

அதைத்தான் நானும் எல்லாருக்கும் சொல்லிவந்தேன். இடது ஸ்பீக்கர் பலவீனம், அதை ஈடுகட்ட ஏற்றுகிறார் என்று முடிவு செய்து ஸ்பீக்கர்களை இடம் மாற்றினேன். பழுது ஸ்பீக்கரில் இருந்தால் அதோடு சேர்ந்து வலது பக்கம் போக வேண்டும். போகவில்லை. இடதிலேயே நின்றது. ஒயர்களை மாற்றினேன், பதினேழையும். எஃபெக்ட் பெட்டிகளைக் கழற்றிவிட்டேன். புது மிக்சரை வைத்தேன். ஒவ்வொரு தடவையும் செல்வராஜ் உட்கார்ந்து, கண்ணை மூடிக் கேட்டு, புல்லாங்குழலைச் சிவப்பு வரைக்கும் ஏற்றினார். மூன்று மணி நேரம் ஆயிற்று. சந்தேகப்பட அந்த அறையில் வேறு ஒன்றும் மிச்சமில்லை.

அவருடைய மாட்யூல் பின்பக்கச் சுவரோரம் ஒரு ஸ்டூலில் இருந்தது. ஏதோ ஒரு ஸ்வரம் பிசகியது என்று எழுந்துபோய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதன் பொத்தான்களை அழுத்தினார். நான் மிக்சர் அருகில் நின்றேன். இசை ஓடிக்கொண்டிருந்தது.

"சார், வீணையை ஏத்துங்க" என்றார், திரும்பாமலே. "புல்லாங்குழல் போதும். வீணை கேக்கவே இல்ல."

என் கை நின்றுவிட்டது. மூன்று மணி நேரமாகப் புல்லாங்குழல் கேட்கவில்லை என்று சொன்னவர் இப்போது வீணை கேட்கவில்லை என்கிறார். மிக்சரில் நான் எதையும் தொடவில்லை. ஸ்பீக்கர்கள் இருந்த இடத்தில்தான் இருந்தன. அந்த அறையில் திரும்பியது அவர் ஒருவர்தான். பழுதும் அவரோடு திரும்பியிருக்கிறது.

இசையை நிறுத்தினேன். அவர் திரும்பி வந்து உட்கார்ந்ததும் அவருடைய இடது தோளுக்குப் பக்கத்தில் போய் நின்று, மெதுவாகச் சொன்னேன்: "ஒயர்ல ஒண்ணும் இல்ல செல்வராஜ்."

அவர் மிக்சரையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் காபியோடு நின்ற மல்லிகாவுக்கு அது கேட்டது. டம்ளர்களைக் கீழே வைத்தார்.

"ஏங்க" என்றார் உரக்க. "அண்ணாவுக்குத் தெரிஞ்சுபோச்சு."

அவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு செல்வராஜ் சொன்னார். இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் பதினான்கு வருஷம். மெஷின் அவருக்கு இடது பக்கம். அந்தக் காது போய் ஐந்து வருஷம் ஆகிறது. ஆர்கெஸ்ட்ராவில் யாருக்கும் தெரியாது. மேடையின் இடது ஓரத்தில் இடம் பிடித்துக்கொள்வார், மற்றவர்கள் எல்லாரும் வலது காதுப் பக்கம் வந்துவிடுவார்கள்.

"அப்ப இந்தக் கேசட்டு ஏன் இப்படி வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"சந்தேகம் இருந்தது சார். மிக்சர்ல ஏதாவது இருக்கும்னு நினைச்சேன்." சற்று நிறுத்தி, "இருக்கணும்னு நினைச்சேன்" என்றார்.

மல்லிகாதான் மீதியைச் சொன்னார். "ஸ்டேஜ் ஸ்பீக்கர் முன்னாடி உட்கார்ந்தா மிச்ச காதும் போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு அண்ணா. கம்பெனியில ஸ்டோர்ஸுக்கு மாத்திட்டாங்க. பாட்டுக்கு வீடு மட்டும்தான் மிச்சம். மேடம் வேலை கிடைக்கலைன்னா எல்லாத்தையும் வித்துட்டு சும்மா இருந்துடறேங்கறாரு. இவரு சும்மா இருந்து நான் பார்த்ததே இல்ல. பார்க்கவும் வேணாம்."

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார்" என்றார் செல்வராஜ். "ஒத்தக் காது கீபோர்டுக்காரனை எவன் கூப்பிடுவான்?"

சொல்லமாட்டேன் என்றேன்.

கீழே இறங்கும்போது எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது அந்த நாற்காலிதான். அந்த மனிதர் தனக்கு வேண்டியதைத் தானே கண்டுபிடித்து, திருப்பிப்போட்டு உட்கார்ந்திருந்தார். நான் டேப் வைத்து அளந்து அதைக் கெடுத்தேன். சாக்கெட்டுகளை எண்ணத் தெரிந்த எனக்கு, உட்காருகிறவர் ஏன் கோணலாக உட்காருகிறார் என்று கேட்கத் தோன்றவில்லை. உங்களுக்கு நான் சொல்ல வந்ததில் பாதி இதுதான்.

மறு பாதி, அதற்கப்புறம் நான் செய்தது. அதில் ஒன்று சரி, ஒன்று தப்பு.

திங்கட்கிழமை முதல் எனக்கு ஒரே யோசனை. இரண்டு காதுக்கும் தனித்தனியாகச் சத்தம் அமைக்கும் ஸ்டீரியோ வேலை அவருக்கு இனிமேல் ஆகாது. சரி, அந்த நாடகம் எங்கே ஓடப் போகிறது? எனக்குத் தெரிந்த மைக் செட்காரர்கள் ஒன்பது பேரைக் கேட்டேன், வெளியூர் ஹால்களில் எப்படிக் கட்டுகிறீர்கள் என்று. ஒன்பது பேரும் ஒரே பதில். ஒரே ஆம்ப்ளிஃபயர், அதிலிருந்து மேடையின் இரண்டு பக்கத்துக்கும் ஒரே சத்தம். ஹாலில் இடது ஓரம் உட்கார்ந்திருப்பவருக்கு வலது பக்க ஸ்பீக்கர் எப்படியும் சரியாகக் கேட்காது, அதனால் பிரித்துக் கொடுப்பதே இல்லை என்றார்கள். அதாவது, ஒரு ஸ்பீக்கரை எதிரில் வைத்து ஒரு காதால் கேட்டு அமைப்பவர், அந்த ஊர்க்காரர்கள் கேட்கப்போவதைத்தான் கேட்கிறார். செல்வராஜுக்கு இந்த வேலையில் ஒரு குறையும் இல்லை. குறை நான் கொடுத்த மிக்சரில்தான்.

புதன்கிழமை மதியம் அவர் ஷிஃப்ட் முடிந்து வந்ததும், பதினாறைக் கழற்றிவிட்டு எட்டுச் சேனல் மிக்சரை வைத்தேன். சிந்தசைசரில் இடது சாக்கெட்டில் மட்டும் ஒயரைச் சொருகினால் முழுச் சத்தமும் அந்த ஒரே வழியாக வந்துவிடும், பெரும்பாலான கருவிகளில் அந்த வசதி உண்டு. ஆக இரண்டு சிந்தசைசருக்கு இரண்டு, மாட்யூல் ஒன்று, டிரம் ஒன்று, மைக் ஒன்று. ஐந்து. எஃபெக்ட் திரும்பி வருவது இரண்டு. ஏழு. எஃபெக்டுக்கு அனுப்பும் வழி இதிலும் இரண்டு இருந்தது. அது மட்டும் குறையக் கூடாது, ஏனென்றால் நாட்டியத்தில் ஜதிக்கு ரிவெர்ப் வேண்டும், புல்லாங்குழலுக்கு எக்கோ வேண்டும். சத்தத்தை இடது வலது என்று நகர்த்தும் பேன் குமிழ்களை எல்லாம் நடுவில் நிறுத்தினேன். ஒரு ஸ்பீக்கரை அவருக்கு வலது எதிரில் வைத்தேன். இன்னொன்றை மல்லிகா பீரோ மேல் ஏற்றினார்.

"அப்பாடா. கட்டில் போயி தலைகாணி வந்துச்சு."

நாற்காலியை நான் தொடவில்லை.

கடை முதலாளி என்னைப் பிடித்துக்கொண்டார். "எல்லாரும் எட்டைக் கேக்க வர்றவனுக்குப் பதினாறைக் குடுக்குறான். நீ பதினாறு குடுத்தவன்கிட்ட போயி எட்டைக் குடுத்துட்டு வர்றே. நல்லா பண்றேப்பா வியாபாரம்." பொருத்தமில்லாத சாமானை விற்றது நான், அதைத் திருத்துவதும் என் வேலை என்றேன். அந்த முடிவில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. சேனல் குறைந்தால் வாடிக்கையாளருக்குக் கௌரவக் குறைச்சல் என்று உங்களில் யாராவது நினைத்தால், அந்த நினைப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

ஞாயிறு பத்தேமுக்காலுக்கே போய்விட்டேன். செல்வராஜ்தான் வரச் சொன்னார், மிக்சர் பற்றி மேடம் ஏதாவது கேட்டால் பதில் சொல்ல. பத்மாவதி அம்மாள் சரியாகப் பதினொன்றுக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். மூன்று தலைமுறையாக மல்லேஸ்வரத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம், பேச்சில் பாதி கன்னடம் கலக்கும். கதவருகில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து, அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"ஒரே ஸ்பீக்கரா? ஸ்டீரியோ இல்லையா? போன தடவை அதுலதானே தகராறு?"

செல்வராஜ் என்னைப் பார்த்தார். நான் ஆரம்பித்தேன். "மேடம், உங்க நாடகம் எத்தனை ஊருக்குப் போகுது?"

"பதினாலு."

"அந்தப் பதினாலு ஊர் ஹால்லயும் ஒரே சத்தம்தான் ரெண்டு பக்கமும் வரும். இடது பக்கத்துல மட்டும் புல்லாங்குழலை வச்சு நீங்க கொண்டு போனா, மைக் செட்காரர் ஒரு ஒயரை மட்டும் சொருகினார்னா வீணை மொத்தமா காணாமப் போயிடும். ஒரே ஸ்பீக்கர்ல நல்லா இருந்தா எங்கேயும் நல்லா இருக்கும்."

"ஹௌதா?" என்றார். அப்படியா என்று அர்த்தம். கொஞ்சம் யோசித்தார். "தும்கூர்ல ஒரு தடவை அப்படித்தான் ஆச்சு. பாட்டு இருக்கு, மிருதங்கம் இல்ல. பொண்ணுங்க பேந்தப் பேந்த முழிச்சாங்க. சரி, போடுங்க."

போட்டார். ஆறு நிமிஷம். நான் எத்தனையோ பேருடைய மிக்சிங்கைக் கேட்டிருக்கிறேன். இதில் எதுவும் எதையும் மறைக்கவில்லை. ஜதி முன்னால் நின்றது, வீணை அதற்கு அடுத்து, புல்லாங்குழல் மேலே தனியாக. அந்த அம்மாளின் விரல்கள் மடியில் தாளம் போட்டன. முடிந்ததும் தலையாட்டினார்.

"சென்னாகிதே. நல்லா இருக்கு. ஆனா ஒண்ணு. முதல் ஷோ நம்ம ஊர்ல, புது ஹால்ல. அங்க நல்ல ஸ்டீரியோ இருக்கு, நான் கேட்டேன். நாடகத்துல வர்ற யுத்தக் காட்சியில குதிரை இடது பக்கத்துலேர்ந்து வலது பக்கம் பாயணும். சத்தமும் அது கூடவே ஓடணும். அந்த ஒரு இடம் மட்டும் பண்ணிக் குடுங்க. இப்பவே கேட்டுட்டுப் போறேன்."

பதினாலு ஊர் ஹால்களை வைத்து நான் கட்டிய பதில் இந்த ஒரு ஹாலுக்கு உதவாது. எனக்கு அது அந்த விநாடியே தெரிந்தது. இருந்தாலும் வாய் திறந்தேன்.

"அது எடுபடாது மேடம். சத்தம் ஓடினா பார்க்கிறவங்க கவனம் டான்சர்கிட்ட இருந்து போயிடும். அதுவுமில்லாம இந்த மாதிரி ரெகார்டிங்ல..."

"டான்ஸ் எனக்குத் தெரியும். நீங்க மிக்சர் பத்திச் சொல்லுங்க. இந்த மிக்சர்ல அது வருமா வராதா?"

வரும். பேன் குமிழ் எட்டும் கண் முன்னால் இருந்தன. வராது என்று சொன்னால் பொய். வரும் என்று சொன்னால், செய்யுங்கள் என்பார். நான் இன்னொரு சாக்கு தேடிக்கொண்டிருந்தேன். கிடைத்தும்விட்டது என்றே நினைக்கிறேன்.

"சார், விடுங்க" என்றார் செல்வராஜ்.

எழுந்து நின்றார். "மிக்சர்ல வரும் மேடம். எனக்குத்தான் வராது. இடது காது கேக்காது. சுத்தமா."

மல்லிகா சமையலறை வாசலில் வந்து நின்றார். அந்த அம்மாள் செல்வராஜையே பார்த்தார்.

"எவ்வளவு நாளா?"

"அஞ்சு வருஷம்."

"முதல் கேசட் அதனாலதானா?"

"ஆமா மேடம்."

"இப்ப போட்டீங்களே, இது?"

"இதுவும் அந்த ஒரு காதாலதான்."

என் மனதில் அப்போது ஓடியதைச் சொல்லிவிடுகிறேன். எல்லாம் போயிற்று, நான் பேசிச் சமாளித்திருப்பேன், இந்த மனிதர் கெடுத்துவிட்டார் என்று நினைத்தேன். அவருடைய காது, அவருடைய வேலை. அதை மறைப்பதா சொல்வதா என்பது என் கையில் இல்லை என்று அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தது சரி. அந்த வாக்குக்காகப் புதிதாகப் பொய் கட்டலாம் என்று கிளம்பினேன் பாருங்கள், அதுதான் தப்பு. அன்றைக்கு அது எடுபட்டிருந்தால், அந்த நாடகம் முழுக்க, அடுத்த நாடகம் முழுக்க, செல்வராஜ் நான் சொன்ன பொய்க்குள் உட்கார்ந்து வேலை செய்திருக்க வேண்டும்.

பத்மாவதி அம்மாள் எழுந்தார். கிளம்புகிறார் என்று நினைத்தேன். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் செல்வராஜின் வலது பக்கம் போட்டு உட்கார்ந்தார்.

"இங்கேர்ந்து பேசினா கேக்குதா?"

"கேக்குது மேடம்."

"அப்ப எழுதிக்கோங்க. ரெண்டாவது ஜதி வேகம் அதிகம், என் பொண்ணுங்க கால் அவ்வளவு சீக்கிரம் எழாது. வீணை முடியற இடத்துல ஒரு மூச்சு விடுங்க. மணி சத்தம் கோவில் மணி மாதிரி இல்ல, ஸ்கூல் மணி மாதிரி இருக்கு."

செல்வராஜ் நோட்டைத் தேடினார். மல்லிகா எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மாள் மொத்தம் ஏழு குறை சொன்னார். வேலை கொடுக்க நினைக்காதவர் ஏழு குறை சொல்ல மாட்டார்.

"குதிரை?" என்றார் செல்வராஜ், எழுதி முடித்து.

"குதிரை ஓடணும். அதுல மாத்தமில்ல." பீரோ மேல் பார்த்தார். "அந்த ஸ்பீக்கரை இறக்குங்க. நான் கேட்டுச் சொல்றேன், நீங்க திருப்புங்க."

ஸ்பீக்கரை மல்லிகாவும் நானும் சேர்ந்து இறக்கினோம். ஒயரை நான் மாட்டினேன். அதோடு என் வேலை முடிந்தது. குளம்புச் சத்தம் தொடங்கியது. செல்வராஜ் பேன் குமிழில் விரலை வைத்துக்கொண்டு ஸ்பீக்கர்களைப் பார்க்கவில்லை, அந்த அம்மாளின் முகத்தையே பார்த்தார். அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னும் இடதுல... இருங்க, இருங்க... இப்ப விடுங்க. மெதுவா. ஐயோ, இது குதிரைங்க, மாட்டு வண்டி இல்ல." செல்வராஜ் சிரித்துவிட்டார். "மறுபடி."

மறுபடி ஓட்டினார்கள். செல்வராஜ் பென்சிலால் குமிழைச் சுற்றிக் கோடு போட்டார். அழித்தார். திரும்பவும் போட்டார். பதினோரு தடவை வரை எண்ணினேன். பிறகு என்னிடம் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்ததும், செருப்பை மாட்டிக்கொண்டு சொல்லாமல் கிளம்பினேன். படியில் பாதி இறங்கும்போது குதிரை மறுபடி பாய்ந்தது.